பிரிக்காத மாத்திரை அட்டை

பொன்மலை,
4-6-2024

பிரியமான உங்களுக்கு,

இங்கு நலம். பெரம்பூர் பயிற்சியும் கேன்டீன் சாப்பாடும் பழகிவிட்டதா? போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே இருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் லீவில் வந்துபோன பத்தாம் நாள் எனக்கு மறுபடியும் வெள்ளைப்பாடு, எரிச்சல், வாடை. ஒரு வருஷத்தில் நான்காவது முறை. அத்தை சொன்னபடி சோப்புப் போட்டுக் கழுவுகிறேன் என்றதும் டாக்டர் கோபித்துக்கொண்டார். "உள்ள எதையும் போடாதம்மா. அது தானே சுத்தம் பண்ணிக்கும். வெளியில வெறும் தண்ணி போதும்."

சோதனையில் போன தடவை வந்த அதே கிருமி. கணவன் மனைவி உறவில் பரவுவதாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாதாம். இருவரும் சேர்ந்து மருந்தை முடிக்காவிட்டால் திரும்பத் திரும்ப வருமாம். "போன தடவை அவருக்கும் எழுதிக் குடுத்த மாத்திரையைச் சாப்பிட்டாரா?" என்று கேட்டார். சாப்பிட்டார் என்றேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே மாத்திரை அட்டை பிரிக்காமலே இருந்தது. வேறு வாங்கிச் சாப்பிட்டீர்களா? ஆமாம் என்று எழுதினால் நம்பிவிடுவேன்.

உங்கள்
டெல்பின்

பெரம்பூர்,
10-6-2024

அன்பு டெல்பின்,

சாப்பிடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒருத்தியோடு பழக்கம் இருந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்ததும் அதனால்தானோ என்று பயந்துவிட்டேன். மாத்திரையைத் தொட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. சாப்பிட்டேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

பிரவீன்ராஜ்

ஜீயபுரம்,
17-6-2024

பிரவீன்ராஜ் அவர்களுக்கு,

கல்யாணத்துக்கு முன் நடந்ததற்காக நான் அழவில்லை. ஈஸ்டர் அன்று உங்கள் அக்காவை வைத்துக்கொண்டு அத்தை, "சுத்தமா இருக்கிற பொம்பளைக்கு இது ஏன் வருது?" என்றார்கள். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் குனிந்தபடி சாப்பிட்டீர்கள். அந்த அட்டை அன்றும் உங்கள் பையில்தான் இருந்திருக்கிறது.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறந்த வீட்டுக்குக் கிளம்பினேன். அத்தைதான் பஸ் ஸ்டாப் வரை என் பையைத் தூக்கிவந்து, "என்னைப் பேச விட்டுட்டானே" என்றார்கள்.

என் மருந்து முடிந்தது. எரிச்சல் இல்லை. மூன்று மாதத்தில் மறுசோதனை. அதற்கு இங்கிருந்தே போய்க்கொள்வேன். நீங்களும் டாக்டரைப் பார்த்து மருந்தை முடியுங்கள், உங்கள் உடம்புக்காக.

என்னை அழைத்துப்போக வர வேண்டாம்.

டெல்பின்