மிதந்த முட்டையும் நான் மறைத்த கருவாடும்

இன்று காலை அவிக்கப் போட்ட முட்டைகளில் ஒன்று சட்டித் தண்ணீரில் மிதந்தது. "கெட்டுப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றாள் என் மனைவி செல்வி. நான் அடுப்படியிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் நினைவு வந்தால் அழுகைதான் வரும் என்று நினைத்திருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துவிடு.

மில்லில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலேயே நீ அப்படித்தான். கேண்டீன் பாலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று நாங்களெல்லாம் பொருமிக்கொண்டிருக்க, நீ மட்டும் மறுநாள் லாக்டோமீட்டரோடு வந்து நின்றாய். மில்லை மூடிய பிறகு உன் சோதனைகளும், அவற்றை எழுதிவைக்கும் நோட்டும் நம் தெருவுக்குக் குடிவந்தன.

செல்விக்கு பிரஷர் வந்ததும் அப்போதுதான். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். சமையலில் குறைத்தோம், பிரஷர் குறையவில்லை. இப்படியே போனால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும் என்று அவர் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீதான் யோசித்துவிட்டு, "சமையல்ல இல்லன்னா தண்ணியிலதான்யா உப்பு இருக்கு" என்றாய். கடலோர ஊரில் போர் தண்ணீர் உப்பாவது நடக்கிற காரியம்தான்.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று எங்கோ படித்திருந்தாய். உன் வீட்டுக் கோழி முட்டையைக் கொண்டுவந்து எங்கள் தண்ணீரில் விட்டாய், மிதந்தது. எதிர்வீட்டில் மிதந்தது, கோடி வீட்டிலும் மிதந்தது. மாலைக்குள் தெருப்பெண்கள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரின் பாட்டில் தண்ணீரையும் வாங்கிக் கிண்ணத்தில் ஊற்றிச் சோதித்தாய். கடையில் வாங்கிய அந்தத் தண்ணீரிலும் உன் முட்டை ஜம்மென்று மிதந்தது.

அதற்குள் உன் மனைவி ஓடி வந்தார். "அய்யோ, அது சாம்பல் புதன்லேருந்து சேத்து வச்ச முட்டைங்க! தவக்காலத்துல நம்ம வூட்ல யாரு முட்டை துன்றாங்க? பழசு எதுல போட்டாலும் மிதக்கும்."

மறுநாள் புது முட்டை ஒன்றையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். கடல் தண்ணீரிலேயே அது மூழ்கிவிட்டது. "இந்தக் கணக்குப்படி கடலே நல்ல தண்ணிதாம்ப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாய். பிறகு வேறு யாரும் செய்யாததைச் செய்தாய். வீடு வீடாகப் போனாய். "முட்டையும் தப்பு, நான் சோதிச்ச விதமும் தப்பு. உங்கள ரோட்ல உக்கார வச்சதுக்கு மன்னிச்சிடுங்க." கோடி வீட்டு அம்மாள் பாதியிலேயே கதவைச் சாத்தினார். நீ மறுபடி தட்டி மீதியையும் சொல்லி முடித்தாய்.

நான் உன் கூடவே நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் என் வாய் திறந்து திறந்து மூடியது. உப்பு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் பெரிய மார்க்கெட்டில் கருவாடு வாங்கி வந்து செல்விக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உப்பில்லாத ரசத்தைப் பார்த்து அவள் கண்கலங்கியதை என்னால் தாங்க முடியவில்லை. "உங்க சிநேகிதருக்குத் தெரிய வேணாம், நோட்டுல எழுதிப்புடுவாரு" என்றாள். ஒருமுறை வாசம் பிடித்துக் கேட்டாய். எதிர்வீட்டில் வறுக்கிறார்கள் என்றேன். ஊரில் எதையும் சோதிக்காமல் நம்பாத நீ, நான் சொன்னதை அப்படியே நம்பினாய்.

அன்றோடு கருவாட்டை நிறுத்தினேன். பிரஷர் இறங்கியது. அதே மாதம்தான் உன் யோசனைப்படி செல்வி முருங்கைக்கீரை சூப் குடிக்க ஆரம்பித்திருந்தாள். 'பிரஷர் முருங்கைக்குக் கேட்கிறது' என்று சிவப்பு மையில் நோட்டில் எழுதி, தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாய். உன் அடக்கத்துக்கு வந்தவர்கள்கூட அந்த சூப்பைப் பற்றித்தான் பேசினார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

சொல்லியிருந்தால் திட்டியிருப்பாய், மறு நிமிடமே அந்த வரியை அடித்துத் திருத்தியிருப்பாய், அதுவும் சந்தோஷமாக. அந்தச் சந்தோஷத்தை உனக்குக் கொடுக்காமல் விட்டது நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

உன் நோட்டை உன் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டார். மிச்சப் பக்கங்களில் செல்வியின் பிரஷரையும் அவள் சாப்பிட்டதையும் தினமும் எழுதுகிறேன். முந்தாநாள் எழுதியது இது: 'மாங்காய் ஊறுகாய், ஒரு துண்டு. வாங்கிக் கொடுத்தது நான்.'