சத்தமாகப் படிக்காத இரண்டு வரி

அம்மா, என் அம்மா,

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது நம் சிவப்பு வாளி. வாசலில் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் சோப்பு டப்பா, நான்காக மடித்த துண்டு, பாதி தீர்ந்த புண் மருந்து. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைக் கழுவுவதற்கு நீ சேர்த்து வைத்திருந்த சாமான்கள். அவர் மகன் ஷிப்டுக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஏன் திருப்பிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் யார் பெயரையும் எழுதவில்லை. பெயரை எழுதியதால் வந்த வினைதான் எல்லாம்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உன்னைச் சிரம்பானுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவதற்காக பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. டயாலிசிஸ் இல்லாத நாட்களிலும் நீ படுக்க மாட்டாய். ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடந்த பெரியம்மாவைக் கழுவப் போய்விடுவாய். நீ போன பிறகு அந்த வேலையைச் செய் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் வாளியைத் தூக்கினேன்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் அப்பாவுக்குச் சமையல். செனாவாங்கில் காவல் வேலை முடிந்து வருகிறவர், வந்ததும் பசி என்பார். சனிக்கிழமை ஜெபவீட்டைக் கூட்டுவதும் நாற்காலி போடுவதும்கூட இப்போது நான்தான். நீ எப்படி அம்மா சலிக்காமல் செய்தாய்? அல்லது உனக்கும் சலித்ததா? நீ இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை.

ஜெபவீட்டு வாசலில் விண்ணப்பப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். நீ இருந்தபோது அது இல்லை. வேண்டியதைச் சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் எடுத்து ஜெபிப்பார். எனக்கு வாய் திறந்து ஜெபிக்க வராது என்று உனக்குத் தெரியும். கூட்டத்தில் என் முறை வந்தால் நீ என் கையை அழுத்திவிட்டு நீயே ஆரம்பித்துவிடுவாய். அதனால் சீட்டு எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வாரம் பெரியம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. ஒரே நாளில் ஐந்து தடவை விரிப்பு மாற்றினேன். அன்று அவர் பெயரைப் போட்டு எழுதினேன். படுக்கையிலேயே போய்விடுகிறது, முதுகில் புண், நான்தான் கழுவுகிறேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் இரண்டு வரி: என்னால் முடியவில்லை. ஆண்டவரே, இதை என்னிடமிருந்து எடுத்துவிடும்.

எதை எடுக்கச் சொன்னேன்? வேலையையா, பெரியம்மாவையா? எழுதும்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாலும் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போதகர் அந்தச் சீட்டை மைக்கில் படித்தார். பெயர், படுக்கை, புண், எல்லாம். கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டு, “இந்தச் சின்ன வயசுல எவ்வளவு தாழ்மை பாருங்க” என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு அது நன்றாக இருந்தது அம்மா. வெளியே உட்காருகிறவர்களுக்காகக் கூரையில் கட்டிய ஸ்பீக்கர், நாம் குடியிருக்கும் லைன் வீடுகளைப் பார்த்து இருப்பது அப்போது என் நினைவிலேயே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை, வாசலில் வாளியைப் பார்த்ததும் பெரியம்மா வீட்டுச் சன்னலில் போய் நின்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போடி. இன்னிக்கி எத்தன தடவ போனேன்னு ஒங்க பாஸ்டர்கிட்ட போய் சொல்லு.”

“நான் வேணும்னு செய்யல பெரியம்மா.”

“வேணும்னு செய்யல, மைக்கு போட்டு செஞ்ச லா. கடக்கார சீனன் மட்டும்தான் இன்னும் கேக்கல. எவ்ளோ மாலு, எவ்ளோ வெக்கம் தெரியுமா எனக்கு?”

“உள்ள வந்து கழுவிட்டு மட்டும் போயிடறேன்.”

“வேணாம். எம் மகன் செய்யறான்.” பிறகு சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். “பெத்த மகன் கையால கழுவிக்கிறதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்.”

அந்த வாரம் முழுவதும் அவர் கதவு எனக்குத் திறக்கவில்லை. மகன் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை கழுவுவான். பிறகு இருட்டும்வரை அப்படியே கிடப்பார். வியாழக்கிழமை சன்னல் வழியாகவே புண் வாடை வந்தது. என் வேலை பாதியாகிவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நாள்கூட என்னால் தூங்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் போதகர் தான் குடியிருக்கும் மம்பாவிலிருந்து வந்தார். கூட ஆறு பேர், ஒரு கிட்டார், ஒரு பை நிறைய ஆரஞ்சு.

“வாம்மா, அந்த அம்மா வீட்ட காட்டு. ரெண்டு பாட்டு பாடி ஜெபம் பண்ணுவோம். நீ செய்யற ஊழியத்த இவங்களும் பாக்கட்டும்.”

அவர் கெட்டவர் இல்லை அம்மா. உன் அடக்கத்தன்று மழையில் குடை பிடிக்காமல் நின்றவர். ஆனாலும் நான் பெரியம்மா வீட்டுப் படியில் போய் வழியை மறித்து நின்றேன்.

“வேணாம் பாஸ்டர்.”

“அவங்க கோயிலுக்குப் போறவங்கன்னு யோசிக்கிறியா? யாரையும் மாத்த வரலம்மா. சும்மா ஜெபம்தான்.”

“அவங்களுக்குப் பிடிக்காது பாஸ்டர். நான் எழுதுனதுல கடைசி ரெண்டு வரி நீங்க படிக்கல.”

அவர் என்னைப் பார்த்தார். “படிச்சேன்மா. சத்தமா படிக்கல. ஒனக்குச் சங்கடமா இருக்கும்னுதான்.”

“அவங்களோடதையும் அப்படியே சத்தமில்லாம படிச்சிருக்கலாம்.”

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் எதிர்த்துப் பேசியதில்லை. பின்னால் நின்ற ஓர் அக்கா, “வாய் இல்லாத புள்ளன்னு நெனச்சோம். கை தட்டுனதும் சோம்போங் வந்துடுச்சு” என்றார். பெருமை பிடித்தவள் என்று பெயர் வாங்குவதற்கு அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

போதகர் கிட்டாரைக் காரில் வைக்கச் சொன்னார். “அந்த அம்மாகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும். எப்ப வரலாம்னு நீ கேட்டுச் சொல்லு” என்று பழப் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நானும் வீட்டுக்குப் போகத் திரும்பினேன்.

“ஏய்.” உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல். “அந்தக் கடைசி ரெண்டு வரி என்னாடி?”

எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குச் சுகம் கிடைக்க வேண்டும் என்று எழுதினேன் என்றால் நம்பியிருப்பார். பூட்டாமல் சாத்தியிருந்த கதவைத் தள்ளி உள்ளே போய், கட்டில் பக்கத்தில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“என்னால முடியல, எடுத்துடுங்கன்னு எழுதுனேன் பெரியம்மா.”

பெரியம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“நானும் தெனம் எங்க மாரியாத்தாகிட்ட அதத்தான் கேக்கறேன்,” என்றார். “ரெண்டு சாமியும் காதுல வாங்கல, பாரு.”

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. விழுந்த பக்கத்து உதடு அசையாது, அதனால் அவர் முகத்தில் சொல்வது கஷ்டம்.

“இதையும் எழுதி பெட்டியில போடுவியா?”

“இல்ல. அம்மாவுக்குத்தான் எழுதுவேன்.”

“அவளுக்கு எழுது. அவளோட சேர்த்து யாரு வேணும்னாலும் படிச்சிட்டுப் போவட்டும். பேரு மட்டும் போடாத.” பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கதவ சாத்து. சன்னலயும் சாத்து. முதுகு எரியுது.”

கதவைச் சாத்தினேன். சன்னலைச் சாத்தினேன். தண்ணீரைச் சுட வைத்து, கையை விட்டுச் சூடு பார்த்து, அவரை மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பினேன்.

நாளைக்கும் போவேன் அம்மா. சலிப்போடுதான் போவேன். ஆனால் போவேன்.

உன் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்திருந்த
உன் சின்ன மகள்