அப்பா பக்கவாட்டில் பார்க்கும் படம்

மார்ச் 4

தங்கைக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றே நீ முடிவு கட்டிவிடுவாய்.

நேற்று மூக்குக்கண்ணாடிக் கடையில் நம் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். "சார், அந்தப் பெரியவர் படம் இன்னும் வகுப்புச் சுவத்துலதான் இருக்கு. வர்ற பசங்க எல்லாரும் அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க. யாரு எடுத்ததுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கண்ணாடி வாங்காமலே வந்துவிட்டேன்.

ஆக, நாலு வருஷமாக அப்பாவின் படத்தை மாட்டிவைத்து, அதைக் கூறுபோட ஊரான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறாய்.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு எதுவும் மறக்காது, அதுதான் என் வியாதி. நாம் இருவரும் சேர்ந்து ஆரம்பித்த புகைப்பட வகுப்பு அது. பெரிய கேமரா உன் பாடம், ஃபிலிம் கழுவி பிரிண்ட் போடும் இருட்டறை என் பாடம். மாதக் கடைசியில் பசங்க தங்கள் படங்களைப் பெயர் போடாமல் சுவரில் குத்திவைப்பார்கள். எல்லோரும் பேசி முடிக்கும்வரை எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. பிறகு எழுந்து வந்து, படத்தின் பின்பக்கம் பென்சிலால் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். அப்பா போய் ஒரு மாதம்கூட ஆகாத அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை, அவர் படத்தை நான் அந்தச் சுவரில் குத்திவைத்தேன். பசங்களுக்கு அவரைத் தெரியாது. உனக்குத் தெரியும். அதைப் பார்த்ததும் உன் கண் கலங்கும் என்று நினைத்தேன். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பிரிண்ட் பிரமாதம். ஆனா எடுத்தவர் எதிர்ல இருக்கிறவரைப் பாக்கவே இல்ல" என்றாய். வகுப்பே தலையாட்டியது. நான் பேச முடியாது, விதி. எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் படத்தைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

"தங்கைக்கு" என்று மொட்டையாக ஆரம்பித்திருக்கிறாய். "அன்புள்ள" எழுதுவதற்குள் மை தீர்ந்துவிட்டதா?

நாங்கள் இருக்கிறோம். உன் மருமகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். "மாமா எப்போ வருவாரு" என்று அவள் கேட்டதாக எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

படத்தை அனுப்ப முடியாது. கையெழுத்துப் போடாமல் விட்டுப் போன படம் வகுப்புக்குச் சொந்தம். இது நான் சொல்வது இல்லை, கதவில் ஒட்டியிருக்கும் விதிகளில் கடைசி விதி. அந்தத் தாளைத் தட்டச்சு செய்து, நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டியது நீ. வேண்டுமானால் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போ.

இன்னொன்று. நெகட்டிவ் உன்னிடம்தானே இருக்கிறது? நினைத்தால் ஒரு மத்தியானத்தில் இன்னொரு பிரிண்ட் போட்டுக்கொள்வாயே. இந்த ஒரு காகிதத்துக்கு எதற்கு இத்தனை கோபம்?

உடம்பைப் பார்த்துக்கொள். அச்சகத்தில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிறம் சரிபார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கண்ணாடியையாவது வாங்கு.

அன்புடன்,
தங்கை

மச்சான், வணக்கம். இதுவரை எழுதியது அவள் சொல்லச் சொல்ல நான். அவளுக்குக் கை வேலையாக இருக்கிறது. என் மேல் கோபம் வேண்டாம், நான் வெறும் பேனா. "மொட்டையாக" என்பதற்கு அவள் சொன்ன வார்த்தை வேறு, குடும்ப நலன் கருதி மாற்றிவிட்டேன்.
- உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 19

தங்கைக்கு,

மை இருக்கிறது. மனம்தான் இல்லை.

சண்டையைக்கூட ஆள் வைத்துப் போடுகிறாய். கை வேலையாக இருக்கிறதாம்.

நெகட்டிவ் இங்கேதான், பீரோவில், உறைக்குள் இருக்கிறது. பிரிண்ட் போட இந்த வீட்டில் இருட்டறை இல்லை. குளியலறை ஜன்னலை அடைத்தால் போதாதா என்பாய். ஜன்னல் பெரியது.

நீ அன்று சொன்னது எவ்வளவு தவறு என்று காட்டுகிறேன். அப்பாவை ஜன்னலோரம் மர நாற்காலியில் உட்காரவைத்தேன். கறுப்புத் துணிக்குள் புகுந்து, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்தவரின் இமை முடி வரை கூர்மையாக்கினேன். "என்னடா, பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு" என்றார். "பேசாதீங்கப்பா" என்றேன். "சரி, எங்கடா பாக்கணும், அதையாவது சொல்லு" என்றார். "லென்ஸைப் பாருங்க. அசையாதீங்க" என்றேன். ஃபிலிமைச் செருகினால் கண்ணாடி மறைந்துவிடும், அப்புறம் கேமராவுக்குள் பார்க்க எடுப்பவனுக்கு ஒன்றும் இல்லை, நீயே நடத்தும் பாடம் இது. வெளியே வந்து கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, லென்ஸைத் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்கு விநாடி எண்ணினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நெகட்டிவில் ஒரு குறை சொல்லு பார்க்கலாம்.

மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வி. நான் விட்டுப் போன பிறகு இருட்டறைப் பாடத்தை யார் எடுக்கிறார்கள்? மருந்துத் தட்டில் கை வைத்து அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறதா? பேனா உண்மையை எழுதட்டும்.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

பேனா உன்னிடம் மாட்டிக்கொண்டது. ஆமாம், வெடித்திருக்கிறது. ஃபிலிம் கழுவும் டெவலப்பர் மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் அரிப்பு, பிறகு கொப்புளம், இப்போது தோல் உரிந்து சட்டைப் பித்தான்கூட இவர்தான் போட்டுவிடுகிறார். கையுறை போட்டும் பார்த்தேன், கேட்கவில்லை. இனி அந்தத் தட்டில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு வருஷம் உன் பாடத்தையும் சேர்த்து நடத்தியதற்குக் கிடைத்த பரிசு. பரவாயில்லை, அதற்காக எழுதவில்லை.

அப்பா படத்துக்கு வருகிறேன். நீயே எல்லாவற்றையும் எழுதிவிட்டாய், ஆனால் உனக்கே தெரியவில்லை. லென்ஸைப் பார்க்கச் சொன்னாய். அவர் லென்ஸைப் பார்க்கவில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கிறார். தவறி ஓடிய பார்வை என்றால் படத்தில் கண் மங்கலாக விழுந்திருக்கும். நான்கு விநாடியும் ஒரே இடத்தைப் பார்த்திருக்கிறார், அதனால்தான் அந்தக் கண் அவ்வளவு கூர்மையாக இருக்கிறது. அந்த இடத்தில் நின்றது நீ. நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று நான் பாதிதான் சொல்லியிருந்தேன். "எடுத்தவர் எதிர்ல இருக்கிறவரைப் பாக்கவே இல்ல. ஆனா அவர் எடுத்தவரையேதான் பாத்துக்கிட்டு இருக்கார். யார் சொல்லியும் மசியாத மனுஷன் எடுத்தவருக்காக அசையாம உக்காந்திருக்கார்." இதுதான் முழு வாக்கியம். பின்பாதி வருவதற்குள் நீ கதவை அடித்துவிட்டுப் போய்விட்டாய். சாருக்கு மருந்து வாடை தலைவலி என்று பசங்களிடம் சமாளித்தேன். எல்லோரும் பேசி முடிக்கும்வரை உட்கார வேண்டும் என்ற விதியை மீறியது நீதான், நான் இல்லை.

எல்லா வகுப்புக்கும் இரண்டு பாதியையும் சொல்கிறேன். அவர் யாரென்று சொன்னதில்லை. எனக்கும் அவர் அப்பாதான் என்பதை நீ ஒரு கடிதத்தில்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

தங்கை

மச்சான், அவள் கேட்கமாட்டாள், அதனால் நானும் கேட்கவில்லை. தகவல் மட்டும் சொல்கிறேன். இந்த முறை ஏழு பேர். அவர்கள் எடுத்த ஃபிலிம் எல்லாம் கழுவ ஆள் இல்லாமல் எங்கள் ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கறுப்பு உறைக்குள் இருக்கிறது. ஒருவன் தன் பங்கைத் தானே கழுவிப் பார்த்தான். ஃபிலிம் தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. அவன் ஆசையாய் எடுத்த அவன் அம்மா படம். பையன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை.
- மாப்பிள்ளை


ஏப்ரல் 5

அன்புள்ள தங்கைக்கு,

கதவை நான் அடிக்கவில்லை. காற்றுக்கு அடித்துக்கொண்டது.

உன் கடிதம் வந்ததும் பீரோவைத் திறந்து நெகட்டிவை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நீ சொன்னது சரி என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. லென்ஸைப் பாருங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அவர் என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்? வெளிச்சம் போகும்வரை அப்படியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம். ஃபிரிட்ஜில் இருப்பதை யாரும் தொடக் கூடாது. கெட்டுப்போன ஃபிலிமை வைத்து, நல்ல வெளிச்சத்தில், இருட்டறையில் இருப்பதுபோல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு பசங்களைப் பழகச் சொல். முதலில் வெறும் தண்ணீர்த் தட்டில் ஒவ்வொன்றாக நனைக்க வேண்டும். காய்ந்தபடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். பிறகு டெவலப்பரில், அடியில் இருப்பதை மெதுவாக உருவி மேலே வைக்க வேண்டும், ஓயாமல். ஒன்றின் மூலை இன்னொன்றின் முகத்தில் படக் கூடாது. ஏழு பேரும் நகம் வெட்டிக்கொண்டு வரட்டும். அம்மாவின் படத்தைத் தொலைத்தவன் கட்டாயம் வர வேண்டும். வேறு ஃபிலிம் கொண்டுவருகிறேன், அவன் அம்மாவைத் திரும்ப உட்காரவைத்து எடுக்கட்டும். எங்கே பார்க்கணும் என்று அந்த அம்மா கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை நான் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

நீ இருட்டறை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார். உள்ளே கால் வைத்தால் நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். என் கோபம் தீர்ந்துவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்க வேண்டாம். அது தீரவில்லை. உன் விரல் ஆறும்வரை தள்ளிவைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை வருகிறேன். மருமகளிடம் சைக்கிளைத் துடைத்துவைக்கச் சொல்.

வழக்கமான இடத்தில் அண்ணன் என்று எழுதப் போனேன், பேனாவை மூடிவிட்டேன். இந்தக் கடிதத்தை அப்பா படத்துக்குப் பக்கத்தில் குத்திவை. நீ பேசு, மாப்பிள்ளை பேசட்டும், பசங்களும் அவர்களுக்குத் தோன்றியதைச் சொல்லட்டும். வாக்கியம் பாதியில் நின்றால் மீதி வரும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். பென்சிலைச் சீவிவை, எல்லோரும் பேசி முடித்ததும் படம், கடிதம் இரண்டுக்கும் பின்பக்கம் கையெழுத்துப் போடுகிறேன். இப்போதைக்கு இதைக் கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.