மண்ணீரல் மேல் பழி

லான்சௌ
3 மார்ச் 1986

வென்போ அவர்களுக்கு,

நலம். பிரிந்தவர்கள் வைத்தியம் பேசக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, அதனால் எழுதுகிறேன். நம் மகள் ஷியாவ்ஹே சாப்பிட்ட கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். ரொம்ப இளைத்துவிட்டாள். நம் சீன வைத்தியப்படி சோறு செரிக்க வைப்பது மண்ணீரல்தானே என்று அதற்குக் கஷாயம் கொடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் வைத்தியர்தான், ஆனால் சொந்தப் பிள்ளையின் நாடி என் விரலுக்குப் பிடிபடவில்லை. பயமாக இருக்கிறது.

ருயிலான்

ஹாங்சௌ
14 மார்ச்

அன்புள்ள ருயிலான்,

மண்ணீரல் மேல் பழி போடாதே, பாவம். அது அடி வாங்குகிற பிள்ளை. அடிப்பது கல்லீரல். கோபத்தை வெளியே விடாமல் விழுங்கினால் கல்லீரல் முறுக்கிக்கொள்ளும். பிறகு மண்ணீரல் மேல்தான் பாயும். இதை நாம் சேர்ந்துதானே படித்தோம்? இடது மணிக்கட்டில் நடுவிரலை வைத்துப் பார், கல்லீரல் நாடி அங்கேதான் பேசும். யார் மேல் கோபம் என்று அவளிடமே கேள். மே மாத விடுமுறைக்கு அப்பா நிச்சயம் வருகிறார் என்றும் சொல்.

வென்போ

லான்சௌ
27 மார்ச்

வென்போ அவர்களுக்கு,

இடது நாடி வில்நாண் மாதிரி விறைத்திருக்கிறது. உங்கள் கணிப்பு சரி.

கேட்டேன். "யார் மேலயும் இல்ல" என்றாள். பிறகு தானாகவே, "அப்பா வரேன்னு எழுதுவாரு. நானும் பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். அப்புறம் வர மாட்டாரு. நான் கோவிச்சுக்கிட்டா வரவே மாட்டாருல்ல? அதான் பேசாம இருக்கேன்" என்றாள்.

மே மாதச் சேதியை நான் சொல்லவில்லை. அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் இருப்பது எனக்குத் தெரியும். முன்பு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. அவளுக்குத்தான் தெரியாது. உள்ளதை நீங்களே அவளுக்கு எழுதுங்கள்.

ருயிலான்

ஹாங்சௌ
9 ஏப்ரல்

ஷியாவ்ஹே கண்ணு,

மே மாத விடுமுறைக்கும் அப்பா வரப்போவதில்லை. எனக்கு இங்கே இன்னொரு வீடு இருக்கிறது. உனக்கு ஒரு தம்பியும் இருக்கிறான். வருகிறேன் என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் வர மாட்டேன் என்று தெரிந்தேதான் எழுதினேன். என் மேல் நன்றாகக் கோபப்படு. விழுங்கிவிடாதே.

அப்பா

லான்சௌ
22 ஏப்ரல்

வென்போ அவர்களுக்கு,

கடிதத்தை அவளே படித்தாள். "பொய்யன், பொய்யன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். நான் தடுக்கவில்லை. அழுது ஓய்ந்து, சாயங்காலம் "பசிக்குதும்மா" என்று வந்து நின்றாள். இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டாள். வலி இல்லை. நாடியும் இளகிவிட்டது.

உங்கள் மருந்து வேலை செய்தது. நன்றி. இனி உங்கள் கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்கிறாள். அப்படியே செய்வேன்.

ருயிலான்