ஈர முடியில் சூடு

சனிக்கிழமை இரவு, ரந்தாவ், மலேசியா.

இன்று அக்காவுக்குக் கல்யாணம். காலையில் சித்தி மகள் ஸ்டெல்லா, அக்காவின் ஈர முடியிலேயே சூடான ஸ்ட்ரெய்ட்னரை வைத்தாள். சுர்ரென்று ஆவி வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"நீ சுங்கை காடுட் ஃபேக்டரில மெஷின் பாக்குற ஆளுலா. முடியப் பத்தி என்னடா தெரியும்?" என்றாள் ஸ்டெல்லா.

"உள்ள இருக்குற தண்ணி கொதிச்சா முடி வெடிச்சிரும். அது தெரியும்."

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். வெளியே அப்பா ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். முழுக்கக் காயும்வரை நான் விடவில்லை. அக்கா கண்ணாடியைப் பார்த்து, "ஸ்ட்ரெய்ட்னரே வேணாம், இப்படியே போறேன்" என்றாள்.

சர்ச்சில் எல்லாரும் அவள் முடியைத்தான் பார்த்தார்கள். விருந்தில் ஸ்டெல்லா வந்து, "நாளைக்கு எனக்கும் செஞ்சு விடுடா" என்றாள். முதலில் மன்னிப்புக் கேள் என்றேன்.

கேட்டாள், சித்தி முன்னாலேயே.