எங்கள் அளவு எங்களுக்கு

மாம்பொங்,
செவ்வாய்க்கிழமை.

என் மகன் ஓபிரிக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ராட்டர்டாம் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். வள்ளிக்கிழங்கு இந்த வருஷம் நல்ல விளைச்சல். இனி கோபத்துக்கு வருகிறேன்.

உன் அம்மா, என் அக்கா ஃபோசுவாவின் பேரை வைத்து நீ எழுதிய தையல் ப்ரோகிராமில்தான் ஆறு வருஷமாக எங்கள் தையல் சங்கத்துப் பெண்கள் நாங்கள் துணி வெட்டுகிறோம். "யார் வேணா எடுத்து மாத்திக்கலாம் சின்னம்மா, இலவசம்" என்று அன்றைக்குச் சொன்னது நீதான். இப்போது ஆளை அளந்து எழுதும் பக்கத்தையே தூக்கிவிட்டு சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பெட்டி வைத்துவிட்டாய். அதை நம்பி எங்கள் சங்கத்து எஃபுவா நம் போதகர் மனைவிக்குக் காபா ரவிக்கை தைத்தாள். அந்த அம்மா முழங்காலிட்டு எழுந்ததும் முதுகு கிழிந்தது. சபையே பார்த்தது. "உங்க கம்ப்யூட்டரு என்னைக்காவது பொம்பளையப் பாத்திருக்காடி?" என்று அந்த அம்மா எஃபுவாவைக் கேட்டார்.

பழைய பக்கத்தைத் திருப்பித் தரச் சொல்லி மூன்று தடவை எழுதினோம். உலகத்துக்கே ஒரே வழிதான் என்று பதில் போட்டாய். அதனால் கூடிப் பேசினோம். குமாசிப் பட்டணத்தில் கம்ப்யூட்டர் படித்த அந்திவா உன் ப்ரோகிராமின் பழைய எழுத்தை அப்படியே எடுத்து, அளவுப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டாள். நாற்பது தையல் கடைகள் அதற்கு மாறிவிட்டன. திரும்பி வர மாட்டோம்.

"குடும்பத்தை உடைக்கிறீங்க" என்று போனில் கத்தினாய். பழைய சபை மேளம் கூடாது என்றதால்தானே நம் சபையே அதிலிருந்து பிரிந்தது? பாட்டுப் புத்தகம் இன்றும் ஒன்றுதான். சாவு வீட்டில் சேர்ந்துதான் பாடுகிறோம்.

அக்கா பேரை உனக்கே விட்டுவிட்டோம். அதுதான் எனக்கு வலித்தது. எங்களுடையதற்கு 'அளவு நாடா' என்று பேர். முதல் பக்கத்தில் உன் பேர் இருக்கிறது. சட்டப்படி போட வேண்டும் என்றாள் அந்திவா. சட்டம் இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன்.

கல்யாணத் துணிக்கு உனக்கு நடுத்தரம், நீ கட்டப்போகும் அனேக்கேவுக்குச் சின்னது என்று சேதி அனுப்பியிருக்கிறாய். வெட்ட மாட்டேன். அக்கா அடக்கத்துக்குக் கறுப்புச் சட்டை தைக்க அளந்தபோது உன் தோள் பதினாறு அங்குலம். இப்போது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. துணி வாங்கி மடித்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் வந்து என் முன்னால் நில்லுங்கள்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. வரத்தை முதலில் காப்பாராக.

உன் சின்னம்மா,
சேர்வா