நீ போட்ட படம்

ராணுவ முகாம்,
ஆவணி, 1943

அன்புள்ள ராமுத்தாய்க்கு, சுருளியாண்டி எழுதுறது. நான் சுகம். கம்பத்துல நீயும் ஆத்தாவும் சுகந்தானே?

பயப்படாமக் கேளு. எழுத்தே இல்லாம நீ படம் மட்டும் அனுப்பினதால, அது எதிரிக்குப் போற வரைபடமோன்னு சந்தேகப்பட்டு என்னைய விசாரிச்சாக. ரெண்டு பக்கமும் துப்பாக்கியோட ஆள் நின்னாக.

"இது எங்க கிணறு. இது பசுங்கய்யா"ன்னேன்.

"பசுவுக்கு ஏன் அஞ்சு கால்?" விசாரிச்ச சுபேதார் கேட்டாக.

"ஒண்ணு வாலுங்கய்யா. என் வீட்டுக்காரிக்கு வரைய வராது."

"இந்தப் பொம்பள வயித்துல எதுக்கு வட்டம்?"

 உத்துப் பார்த்தேன். வட்டத்துக்குள்ள ரெண்டு கண்ணு வச்சிருந்த.

"பிள்ளைங்கய்யா. இப்பத்தான் எனக்கே தெரியும்"னு அழுதுட்டேன். சுபேதார் படத்தை மடிச்சு என் கையில குடுத்தாக.

இனிமே படத்துக்குக் கீழ நம்ம ஊரு வாத்தியார்கிட்ட விளக்கம் எழுதி வாங்கு. எத்தனை மாசமோ அத்தனை கோடு போடு. வாத்தியார் நல்லா வரைவாகன்னு அவுக கையில குடுத்துறாத. நீயே போடு.

பாராக் காவலுக்குக் கூப்பிடுறாக.

உன் சுருளியாண்டி